பொட்டாஷை இரட்டித்தும் மஞ்சள் இலை கருகுவது ஏன்?

கேள்வி: மொடக்குறிச்சிப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் மஞ்சள் வைத்துள்ளேன். வாய்க்கால் தண்ணீர் இல்லாத நாட்களில் போர்த் தண்ணீர்தான். பரிசோதனையில் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் 3 (டெசிசீமன்ஸ்/மீட்டர்), சோடியம் அதிகம் என்று வந்தது. இலை ஓரம் கருகியதால் மியூரேட் ஆஃப் பொட்டாஷை (பொட்டாசியம் குளோரைடு உரம்) இரு மடங்கு இட்டேன். பலனில்லை. ஏன்?

பதில்: மண்ணில் கூடுதலாக இட்டது அதே அளவில் பயிருக்குள் செல்வதில்லை. வேர்ச் செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் பொட்டாசியத்தைக் கடத்தும் புரதங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் உள்ளன. நொதிகளுக்காக 1913இல் மைக்கேலிஸ், மென்டென் என்ற விஞ்ஞானிகள் தந்த சமன்பாட்டையே எப்ஸ்டீன், ஹேகன் என்ற ஆய்வாளர்கள் 1952இல் பார்லி வேருக்குப் பொருத்திக் காட்டினர்: உறிஞ்சும் வேகம் = உச்ச வேகம் × செறிவு ÷ (அரைச்செறிவு + செறிவு). அரைச்செறிவு என்பது உச்ச வேகத்தில் பாதி கிட்டும் செறிவு. பார்லியில் அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் பொட்டாசியத்துக்கும் குறைவு. வேரருகே அதைப்போல் 10 மடங்கு இருந்தால் உச்ச வேகத்தில் 91 சதவீதம் கிடைக்கும். 20 மடங்காக்கினால் 95 சதவீதம்தான். தாங்கள் செலவிட்ட இரண்டாம் பங்கு பொட்டாஷ் இந்த நான்கு சதவீதத்துக்காகவே போயிருக்கக்கூடும்.

செறிவு மிக உயரும்போது இன்னொரு வழியும் திறக்கிறது. அங்கே சோடியமும் போட்டியிட்டு நுழைகிறது. பொட்டாசியத்தைத் தேர்ந்தெடுக்கும் திறனைச் சவ்வு இழக்காமல் காப்பது கால்சியம். போர்த் தண்ணீரின் சவ்வூடுபரவல் அழுத்தமும் (வேர் நீரை உறிஞ்சவிடாமல் உப்பு இழுத்துப் பிடிக்கும் அழுத்தம்) சேர்கிறது: மின்கடத்துதிறனை 0.36ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1.1 வளிமண்டலம், மண் காய்ந்து ஈரம் பாதியானால் இது இரட்டிக்கும். மியூரேட்டில் உள்ள குளோரைடும் இந்தச் சுமையைக் கூட்டுவதால், அதை உடனே நிறுத்துங்கள்.

உப்பால் வரும் கருகலும் பொட்டாசியக் குறைவால் வரும் கருகலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் என்பதால், இலையில் சோடியம், பொட்டாசியம் இரண்டையும் அளந்து பாருங்கள். மண் பரிசோதனையும் சோடியம் மிகுதி என்று காட்டினால், அது சொல்லும் அளவில் கால்சியம் தரும் ஜிப்சம் இட்டு, வாய்க்கால் தண்ணீர் வரும்போது நன்றாகப் பாய்ச்சி வடித்துவிடுங்கள்; வடிகால் இல்லாமல் ஜிப்சத்தால் பயனில்லை. இனி பரிந்துரைத்த அளவுக்கு மேல் போகாமல், குளோரைடுக்குப் பதில் சல்பேட் உள்ள சல்பேட் ஆஃப் பொட்டாஷைச் சிறு தவணைகளாகக் கொடுங்கள். பொட்டாசியம் வேரை நோக்கி மெதுவாகவே நகர்வதாலும் ஈரம் குறைந்தால் அதுவும் தடைப்படுவதாலும், ஒவ்வொரு தவணையையும் ஈரமுள்ள மண்ணிலேயே இடுங்கள்.