கட்டிலில் ஆள் இருக்கிறாரா? (வாங்குவோர் கேள்வி-பதில்)

கே: அப்பாவுக்கு மறதி நோய். ராத்திரியில் தானாக எழுந்து போய் விழுந்துவிடுகிறார். கட்டிலை விட்டு இறங்கினால் சத்தம் போடும் சென்சார் வேண்டும். மதுரை டவுன் ஹால் ரோட்டுக் கடைகளில் கேட்டால் ஒருவர் மோஷன் சென்சார் போதும் என்கிறார், இன்னொருவர் மெத்தையில் வைக்கும் பேடு என்கிறார்.
– வாசகி, திருமங்கலம்

ப: அது எதை உணர்கிறது என்று முதலில் கேளுங்கள், விலையை அப்புறம் பேசலாம். மோஷன் சென்சார் என்று கடையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் உடம்புச் சூடு நகர்வதைப் பார்ப்பது. அப்பா அசையாமல் தூங்கினால் அதன் கணக்கில் கட்டில் காலி, கட்டிலோரம் பூனை போனால் ஆள் உண்டு. சித்திரை வெயிலில் நம்ம ஊர் அறைச் சூடு உடம்புச் சூட்டை நெருங்கும்போது இன்னும் மந்தமாகும். பாத்ரூம் விளக்குக்கு அது போதும். ஆள் இருக்கிறாரா என்று தெரிய, உடம்பின் பாரத்தை உணரும் பேடுதான் சரி. முதுகுக்குக் கீழே வைத்தால் எழுந்து உட்காரும்போதே கத்தும், இடுப்புக்குக் கீழே வைத்தால் கட்டிலை விட்டு எழும்போதுதான் கத்தும். உங்களுக்கு முதலாவதுதான் வேண்டும். புரண்டு படுத்தாலே அலறாமலிருக்க, சில விநாடி தாமதம் வைக்க வசதி இருக்கிறதா பாருங்கள். கெட்டியான தேங்காய் நார் மெத்தைக்கு அடியில் வைத்தால் ஒல்லியான ஆளின் பாரம் பேடுக்கு எட்டாமல் போகலாம். மெத்தைக்கு மேலே, விரிப்புக்குக் கீழே வையுங்கள், ஈரம் படாமல் ஒரு ரெக்சினும் போடுங்கள். படுக்கைப்புண்ணுக்கான காற்று மெத்தை என்றால் அதன் அழுத்தமே மாறிக்கொண்டிருக்கும், பேடு குழம்பும். அதற்குக் கட்டில் கால்களுக்கு அடியில் வைக்கும் எடை சென்சார் நல்லது, ஆனால் நீங்கள் ஓரமாக உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாலும் அது உங்களையும் சேர்த்து நிறுக்கும். தரையில் போடும் மேட் கால் பட்ட பிறகுதான் கத்தும், சிலருக்குத் தடுக்கவும் செய்யும். என் மாமியாருக்கு வாங்கியது இப்போது வாசலில் கால் துடைக்கக் கிடக்கிறது. கரண்ட் போனால் பேட்டரியில் ஓடுமா என்றும் கேளுங்கள்.

கே: அலாரம் செல்போன் ஆப்பில் மட்டும் வரும் மாடல் மலிவாக இருக்கிறது, வாங்கலாமா?
– வாசகர், செல்லூர்

ப: வேண்டாம். ராத்திரி போனை சைலன்ட்டில் போடும் ஆள் நீங்கள் என்பது என் ஊகம்.

கே: வீட்டுக்காரருக்கு வாங்கிய பேடு முதல் நாளே வேலை செய்யவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லிலேயே இருக்கிறது என்று கடையில் விரட்டிவிட்டார்கள்.
– வாசகி, மேலூர்

ப: அம்மா, அவர்கள் அச்சடித்தது சட்டமாகிவிடாது. பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. திருப்பிக் கொடுக்க பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. பில்லோடு எழுத்தில் ஒரு புகார் கொடுங்கள், அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள். அசையவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். விடாதீர்கள்.

கே: பில் வாங்கவில்லை, பெட்டியையும் எறிந்துவிட்டேன். இப்போது பேடு கத்தவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், உசிலம்பட்டி

ப: பேட்டரியை மாற்றினீர்களா? ஒயர் நன்றாகச் செருகியிருக்கிறதா? இரண்டும் சரி என்றால் பேடைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் இத்தனை மாதம்தான் உழைக்கும் என்று போட்டிருக்கும். கெடு முடிந்திருந்தால் புதுசு வாங்குங்கள், இந்த முறை பில்லோடு.