பதில்: தொடக்கக் காட்சியை எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள்

வணக்கம் நண்பரே. உங்கள் கேமில் முதல் 8 நிமிடம் ராஜ்ஜியத்தின் வரலாறு எழுத்தாக ஓடுகிறது, வேளச்சேரி நண்பர்கள் அத்தனை பேரும் அதைத் தாண்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வரலாற்றைத் தூக்கிப் போட வேண்டாம், பின்னால் தள்ளுங்கள்.

1995-இல் வந்த க்ரோனோ ட்ரிக்கர் என்ற வீடியோ கேமில் நாயகனை அம்மா எழுப்பிவிடுகிறார், நேரே திருவிழாவுக்குப் போகிறோம். அங்கே ஒரு முதியவரின் சாப்பாட்டை எடுத்துத் தின்றால் யாரும் தடுப்பதில்லை. அப்புறம் நீதிமன்றத்தில் அதே சாப்பாடு குற்றச்சாட்டாக வந்து நிற்கும்! எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் இடம் அது.

உங்கள் கதை தேரோட்டத்தன்றுதானே தொடங்குகிறது? முதல் நிமிடத்திலேயே வடத்தை விளையாடுபவர் கையில் கொடுத்துவிடுங்கள். ராஜா யார், பகை என்ன என்பதையெல்லாம் கூட்டம் பேசிக்கொள்ளட்டும். மயிலாப்பூர் பங்குனித் தேரில் அரைமணி நேரம் நின்றால் போதும், அந்தப் பேச்சு காதில் விழும்.