84 கிலோ வந்த நாள் எது?

கேள்வி: நிலாவெளிப் பக்கம் ஒரு கரைவலைக்குக் கணக்கு எழுதுகிறேன். 12 நாள் மீன்பாடு, கிலோவில்: 38, 0, 45, 52, 41, 0, 610, 47, 36, 58, 44, 41. 0 போட்ட இரண்டு நாளும் காற்றுக் கடுமை, வலை வளைக்கவில்லை. சராசரி 84.3 என்று எழுதிக் கொடுத்தேன். “84 கிலோ வந்த நாள் எது, காட்டு” என்கிறார் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி. எங்கே பிழை?

பதில்: கூட்டலிலும் வகுத்தலிலும் பிழை இல்லை. 1012ஐ 12ஆல் வகுத்தால் 84.3தான். ஆனால் சம்மாட்டி கேட்டதும் நியாயம். உங்கள் பட்டியலில் 58க்கும் 610க்கும் இடையில் ஒரு நாள்கூட இல்லை.

முதலில் அந்தச் சுழியங்கள். வலை வளைத்து மடி, அதாவது மீன் சேரும் பை, வெறுமையாக வந்தால் அது 0. வளைக்கவே இல்லை என்றால் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்க வேண்டும். பக்கத்தில் ‘காற்று’ என்று ஒரு சொல் எழுதினால் போதும். எக்செலில் வெற்றுக் கட்டத்தைச் சராசரிச் சூத்திரம் விட்டுவிடும், 0ஐச் சேர்த்துக்கொள்ளும். ஆக உங்களிடம் இருப்பது 10 தொழில் நாள். இடை, அதாவது நீங்கள் சராசரி என்பது, இப்போது 101.2. திருத்தப் போய் இன்னும் மோசமாகிவிட்டதே என்று நினைப்பீர்கள். காரணம் 610, மொத்தத்தில் பத்தில் ஆறு பங்கு அந்த ஒரே நாளுடையது.

அந்த எண்ணை அழிப்பதற்கு முன் நிறுவைத் துண்டைப் பாருங்கள். 61.0 என்பதில் புள்ளி விழுந்துபோய் 610 ஆவது கணக்குக் கொப்பிகளில் சாதாரணம். துண்டிலும் 610 என்றே இருந்தால் அது உண்மையான மீன், உண்மையான காசு. கண்ணுக்கு உறுத்துகிறது என்பதற்காக ஓர் எண்ணை நீக்கக்கூடாது. கரைவலையில் ஒரு கூட்டம் மொத்தமாக மடியில் ஏறுவது தொழிலின் இயல்பு.

ஒரு வழமையான நாளில் என்ன எதிர்பார்க்கலாம் என்பதற்கு இடையத்தை, அதாவது வரிசையின் நடு எண்ணை, எடுங்கள். எண்களை ஏறுவரிசையில் எழுதுங்கள்: 36, 38, 41, 41, 44, 45, 47, 52, 58, 610. பத்து எண் என்பதால் நடுவில் இரண்டு நிற்கும், 5ஆவதும் 6ஆவதும். 44க்கும் 45க்கும் நடு 44.5. வரிசைப்படுத்தாமல், எழுதிய ஒழுங்கிலேயே நடு எண்ணை எடுத்துவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. கடைசி எண் 61 ஆக இருந்திருந்தாலும் இடையம் அதே 44.5, இடையோ 101.2இலிருந்து 46.3க்கு இறங்கியிருக்கும்.

நடு எண் மட்டும் போதாது, சிதறலும் வேண்டும். வீச்சு 610 − 36 = 574; இரண்டு முனைகளை மட்டும் பார்ப்பதால் இங்கே அது எதையும் சொல்லாது. நியம விலகல், அதாவது எண்கள் இடையிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதன் அளவு, 178.9. இடையிலிருந்து அதைக் கழித்தால் −77.7 கிலோ வருகிறது. மீன் மறையில் வருமா? இப்படி ஒரு விடை கிடைத்தால் பரம்பல் ஒரு பக்கம் இழுபட்டிருக்கிறது, நியம விலகலை வைத்துப் பேசாதே என்று பொருள். 610 இல்லாத ஒன்பது நாளுக்கு அது வெறும் 6.9.

ஆகவே காலணைகள், அதாவது வரிசையை நான்கு சம பங்காகப் பிரிக்கும் எண்கள். கீழ்க்காலணைக்குப் பத்துடன் ஒன்றைக் கூட்டி நான்கால் வகுத்தால் 2.75, இரண்டாவது எண்ணான 38இலிருந்து மூன்றாவதான 41ஐ நோக்கி முக்கால் தூரம், 40.25. மேற்காலணை 8.25ஆவது இடம்: 52இலிருந்து 58ஐ நோக்கிக் கால் தூரம், 53.5. நடுப் பாதி இந்த இரண்டுக்கும் இடையில், 13.25 கிலோ அகலத்துக்குள் அடங்குகிறது. அதன் ஒன்றரை மடங்கை மேற்காலணையுடன் கூட்டினால் 73.4, அதைத் தாண்டும் எண்ணைத் தனியாகக் குறிப்பிடுவது வழக்கம். எக்செலில் காலணைக்கு இரண்டு சூத்திரங்கள் உண்டு. மற்றது 41, 50.75 என்று தரும். இரண்டும் சரி, மாதத்துக்கு மாதம் மாற்றாதீர்கள்.

ஆகாரம், அதாவது அதிக தரம் வந்த எண், 41; அது இரண்டு தரம் வந்தது. கிலோக் கணக்கில் அதற்குப் பெறுமதி இல்லை. எந்த அளவுச் செருப்பு அதிகம் விற்கிறது என்பது போன்ற கேள்விக்குத்தான் அது உதவும்.

இடையைத் தூக்கி எறியவும் வேண்டாம். பங்கு பிரிப்பதற்கும் கடன் கட்டுவதற்கும் மொத்தம்தான் பேசும். இடையை நாட்களால் பெருக்கினால் மொத்தம் திரும்பி வரும், இடையத்தைப் பெருக்கினால் வராது. ஆனால் 101 கிலோவுக்கு அளந்து ஒவ்வொரு நாளும் ஐஸ் வாங்கினால், பத்தில் ஏழு நாள் பாதிக்கு மேல் கரைந்து வீணாகும். 610 வந்த நாளில் அதுவும் காணாது.

சம்மாட்டிக்கு இப்படி எழுதுங்கள்: “தொழில் நாள் 10, காற்றினால் நின்றது 2. மொத்தம் 1012 கிலோ. இடையம் 44.5 கிலோ, நடுப் பாதி 40 முதல் 53.5 வரை. ஒரு நாள் மட்டும் 610.” ஒரு நாளில் இரண்டு தரம் வளைத்திருந்தால் அதையும் குறியுங்கள். வாடைக் காற்று தொடங்கிய பிறகு வரும் நாட்களை இந்தப் பட்டியலோடு கலக்காமல் புதுப் பக்கத்தில் தொடங்குங்கள்.