அடுக்களைக் கேள்வி நேரம்: ஏர் ஃபிரையரும் ஃப்ரீசர் சமோசாவும்

கேள்வி: விருந்தினர் வந்த அன்று, கடையில் வாங்கி ஃப்ரீசரில் வைத்திருந்த பஞ்சாபி சமோசா பன்னிரண்டையும் ஏர் ஃபிரையரில் ஒரே தடவையில் அடுக்கி, 180 டிகிரியில் 12 நிமிடம் வைத்தேன். மேலே இருந்தவை சிவந்தன. அடியில் இருந்தவை வெளுத்து நமத்துப்போயிருந்தன. பிட்டுப் பார்த்தால் நடுவில் உருளைக்கிழங்கு சில்லென்று இருந்தது. கோளாறு கருவியிலா, என்னிடமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அந்தக் கருவியின் பெயர்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. 2010இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் இதை அறிமுகப்படுத்தியதிலிருந்து நாம் இதை எண்ணெய்ச் சட்டிக்கு மாற்றாகவே எண்ணிவருகிறோம். உள்ளே இருப்பதோ மேற்புறத்தில் ஒரு சூட்டுக் கம்பிச் சுருள், அந்தச் சூட்டைச் சுழற்றியடிக்க ஒரு காற்றாடி, காற்று புகுந்து வெளியேற ஓட்டைகள் கொண்ட ஒரு கூடை, அவ்வளவுதான். காய்ந்த எண்ணெய் சமோசாவின் எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொண்டு சூட்டை உடனே கொடுத்துவிடும். காற்று அப்படிக் கொடுக்காது, அது தொடுகிற இடத்தில் மட்டும், அதுவும் மெதுவாகக் கொடுக்கும்.

இதோடு உறைந்த பண்டத்தின் பனியையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கிராம் பனி உருகுவதற்கே சுமார் 80 கலோரி வெப்பம் வேண்டும், உருகிய நீர் கொதிநிலைக்கு வர இன்னும் 100, அது ஆவியாக மேலும் 540 (இது இயற்பியல் கணக்குக் கலோரி, எடை குறைப்போர் எண்ணும் கலோரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மேல்தோலில் ஈரம் இருக்கும்வரை அது 100 டிகிரியைத் தாண்டாது. மாவு சிவந்து மணப்பதோ சுமார் 140 டிகிரிக்கு மேல்தான். பன்னிரண்டு சமோசாவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது, அடியில் இருந்தவை தங்கள் ஆவியிலேயே இட்லியைப் போல வெந்தன என்பதுதான் நடந்தது.

ஆகவே கூடையில் ஒரே அடுக்காக, ஒன்றுக்கொன்று விரற்கடை இடைவெளி விட்டு ஆறு மட்டும் வையுங்கள். வெறுங்கூடையை நான்கைந்து நிமிடம் சூடாக்கிய பிறகு, ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு, உருகவிடாமல் வைக்க வேண்டும்; வெளியே கிடந்து வியர்த்தால் மாவு நனைந்து கிழிந்துவிடும். தடித்த மாவுடைய பஞ்சாபி சமோசாவுக்கு 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம், பாதியில் ஒரு முறை திருப்பி. நம் தேநீர்க் கடைகளில் கிடைக்கும் மெல்லிய தோல் வெங்காயச் சமோசா வகைக்கு 180 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் போதும். கருவிக்குக் கருவி இது மாறும் என்பதால், முதல் தடவை ஒன்றை மட்டும் வைத்துப் பார்ப்பது நல்லது. உறையில் ஓவனுக்கான அளவு மட்டுமே போட்டிருந்தால், சூட்டில் 20 டிகிரியும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கும் குறைத்துத் தொடங்குங்கள்.

உறையில் இன்னொன்றையும் படியுங்கள். பாதி பொரித்து உறையவைத்ததா, பச்சை மாவா என்பதுதான் அது. பாதி பொரித்ததில் எண்ணெய் ஏற்கெனவே இருக்கிறது. பச்சை மாவு என்றால் ஆறு சமோசாவுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயையாவது மேலே தடவியாக வேண்டும். இல்லாவிட்டால் வறண்டு, மாவுப் பொடி ஒட்டியதுபோல வெளுத்தே நிற்கும். அந்த ஒரு கரண்டியை மிச்சப்படுத்துவதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

கேள்வி: ஃப்ரீசர் பஃப்ஸை ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஏர் ஃபிரையரில் வைத்தேன். அடுக்கு அடுக்காகப் பிரியாமல் பிஸ்கட்டைப் போலத் தட்டையாகிவிட்டது. மேல் மடிப்பு காற்றில் பிய்ந்து கருகியது. பேக்கரி பஃப்ஸ் வீட்டில் வரவே வராதா?
– வாசகர், திருச்சி

பதில்: வரும். பஃப்ஸ் மாவு என்பது மைதாவையும் கெட்டிக் கொழுப்பையும் மாற்றி மாற்றி மடித்துத் தேய்த்த நூற்றுக்கணக்கான மெல்லிய அடுக்குகள். சூடு பட்டவுடன் மாவிலுள்ள நீர் ஆவியாகிறது. ஆவி தன் நீரைப்போல ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் இடம் கேட்பதால், கொழுப்பு பிரித்துவைத்த அடுக்குகளைத் தூக்கிக்கொண்டு மேலே எழுகிறது. நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் கொழுப்பு இளகி மாவுக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆவிக்குத் தூக்குவதற்கு அடுக்கே இல்லை. கல்லைப்போல இருக்கும்போதே கருவிக்குள் வைத்துவிடுங்கள்.

முதல் 8 நிமிடம் 180 டிகிரியில் வைத்தால் எழும்பிவிடும். பிறகு 160க்குக் குறைத்து இன்னும் 8 முதல் 10 நிமிடம் விட்டால்தான் மசாலாவை ஒட்டியிருக்கும் உள்மடிப்பு வேகும். அந்த முதல் 8 நிமிடத்தில் கூடையை வெளியே இழுத்து எட்டிப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். மேல் மடிப்பு காற்றில் எழும்பினால், மடிப்பின் ஓரத்தில் பாலைத் தொட்டு அழுத்தி ஒட்டலாம். அதற்கும் அடங்காவிட்டால் மரப் பல்குத்தி ஒன்றைச் செருகிவிடலாம், பரிமாறும்போது எடுக்க மறக்கக்கூடாது. பேக்கரிப் பளபளப்பு வேண்டுமென்றால் அடித்த முட்டையைத் தடவ வேண்டும். பாலில் அந்த நிறம் பாதிதான் வரும்.

கேள்வி: கூடையில் பட்டர் பேப்பர் போடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: உணவின் எடை அதன்மேல் இருக்கும்போது மட்டும், கூடையின் அடிப்பரப்பை விடச் சிறியதாக வெட்டிப் போடலாம். வெறுங்கூடையைச் சூடாக்கும்போது போட்டால் காற்றாடி அதைத் தூக்கிக் கம்பிச் சுருளில் ஒட்டிப் பற்றவைத்துவிடும். சமோசாவுக்கு அது தேவையும் இல்லை.

கேள்வி: எண்ணெய் இல்லாத பலகாரம்தானே, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு அன்றாடம் கொடுக்கலாமா?
– வாசகி, சேலம்

பதில்: நீங்கள் எண்ணெய் ஊற்றவில்லை என்பதால் அதில் எண்ணெய் இல்லை என்றாகிவிடாது. பாதி பொரித்த சமோசா தொழிற்சாலையிலேயே எண்ணெய் குடித்துத்தான் வருகிறது. பஃப்ஸின் மாவு அடுக்குகளுக்கு இடையில் இருப்பதோ கொழுப்புதான். இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு (இதயத்துக்குக் கேடான ஒரு வகைக் கொழுப்பு) 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி இருப்பது ஆறுதல்தான்; ஆயினும் மைதாவும் உப்பும் நிறைகொழுப்பும் அப்படியேதான் இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் என்றால் நான் மறுக்கமாட்டேன். மற்ற நாட்களுக்குச் சுண்டல் இருக்கிறது.

கருக வறுக்காமல் இருப்பதும் முக்கியம். மாவுச்சத்துள்ள பண்டங்களை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது அக்ரிலமைடு என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என ஐயுறப்படும் பொருள் உருவாகிறது என்பதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நிறம் கறுக்கக் கறுக்க அது கூடும். பொன்னிறம் வந்தவுடன் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சிக்கன் ரோல் வெளியே சிவந்துவிடுகிறது, உள்ளே வெந்ததா என்று எப்படி அறிவது? மாதாந்திர மின்தடை நாளில் பகல் முழுவதும் மின்சாரம் இல்லாமல் ஃப்ரீசரில் இருந்ததைச் சமைக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நிறத்தை நம்பாதீர்கள். சமையல் வெப்பமானி ஒன்றை வாங்கி ரோலின் நடுவில் குத்திப் பாருங்கள். 75 டிகிரி காட்டினால் போதும். வெப்பமானி இல்லாதவர்கள் ஒன்றை நடுவில் வெட்டி, ஆவி பறக்கிறதா, கறியில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். வெளியே மட்டும் முந்திக்கொண்டு சிவந்தால் சூட்டை 20 டிகிரி குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள்.

மின்தடை நாளில் கதவைத் திறக்காமல் விட்டால் நிரம்பிய ஃப்ரீசர் ஒரு பகலைத் தாங்கிவிடும். அரைகுறையாகக் கிடக்கும் சின்ன அறை அவ்வளவு தாங்காது. மின்சாரம் வந்ததும் தொட்டுப் பாருங்கள். பனி படிந்து விறைப்பாக இருந்தால் அப்படியே விடலாம். இளகியிருந்தும் ஃப்ரிட்ஜில் வைத்த அளவுக்குக் குளிர்ச்சியாக இருந்தால் அன்றே சமைத்துவிடுங்கள், திரும்ப உறையவைக்க வேண்டாம். குளிர்ச்சியே போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த கறிப் பண்டத்தை, விலையை நினைத்து வருந்தாமல் குப்பையில் போட வேண்டியதுதான்.

கேள்வி: ஏர் ஃபிரையர் மின்சாரத்தை விழுங்குமா? எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: 1500 வாட் கருவியை 15 நிமிடம் ஓடவிட்டால் அரை யூனிட்டுக்கும் குறைவாகத்தான் ஆகும். ஆனால் ஓடும்போது அது ஆறரை ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்கும் செல்போனுக்கும் உள்ள 6 ஆம்பியர் பிளக்கும் மலிவான எக்ஸ்டென்ஷன் போர்டும் அதைத் தாங்காது. கீசருக்குப் போட்டிருப்பதைப் போன்ற 16 ஆம்பியர் பவர் பிளக்கில் நேரடியாக மாட்டுங்கள். அதிலும் பிளக் கைக்குச் சூடாகத் தெரிந்தால், அன்றே எலெக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டிவிடுங்கள்.