ட்ரை ஃப்ளை மூழ்குவதற்குக் காரணம் நிம்ஃபின் எடை

அமெரிக்காவின் சவுத் பிளாட் ஆற்றில் ஃப்ளை மீன்பிடிக்கும்போது, 14ஆம் எண் ஆடம்ஸுக்கு (நீர்மேல் மிதக்கும் பூச்சி வடிவத் தூண்டில், அதாவது ட்ரை ஃப்ளை) கீழே டங்ஸ்டன் மணி வைத்த நிம்ஃபை (நீருக்குள் மூழ்கும் பூச்சி வடிவத் தூண்டிலை) நாலடி இழையில் கட்டினால் ஆடம்ஸ் மூழ்குகிறது, வீசும்போதெல்லாம் சிக்கும் விழுகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வீச்சைக் குறை சொல்ல மாட்டேன். ஆடம்ஸால் அந்த எடையைத் தாங்க முடியாது, அவ்வளவுதான். ஃபோம் உடல் கொண்ட சப்பி செர்னோபில் மாதிரி ட்ரை ஒன்றை 10ஆம் எண்ணில் போடுங்கள் (எண் குறையக் குறையக் கொக்கி பெரிது). ஆடம்ஸ்தான் வேண்டுமென்றால் நிம்ஃபை 18ஆம் எண்ணுக்கு, எடை குறைந்த மணிக்கு மாற்றுங்கள்.

நிம்ஃபின் இழையை ட்ரையின் கொக்கி வளைவில் கிளிஞ்ச் முடிச்சுப் போட்டுக் கட்டி, எச்சில் தடவி மெதுவாக இறுக்குங்கள். மேலே 4எக்ஸ் இழை என்றால் கீழே அதைவிட மெல்லிய 5எக்ஸ். அடியில் மாட்டி அறுந்தாலும் பெரும்பாலும் நிம்ஃப் மட்டுமே போகும். கீழ் இழையின் நீளம் முதலில் ஒன்றரை அடி போதும். மீன் தொடவில்லை என்றால் அரையடி அரையடியாகக் கூட்டுங்கள்.

அப்புறம் வீச்சு. காற்றில் பலமுறை ஆட்டாதீர்கள். பின்னால் போன கயிறு முழுதாக நீளும்வரை பொறுத்து, வளையத்தை அகலமாக விட்டு முன்னே வீசுங்கள். சிக்கு பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான் விழுகிறது. ட்ரை சட்டென்று நின்றாலோ ஒதுங்கினாலோ மீன் நிம்ஃபைக் கவ்வியிருக்கலாம், யோசிக்காமல் கோலைத் தூக்குங்கள்.