கார்ப்பெட் விரித்த படிக்கட்டுகளைத் தொழில்முறையில் சுத்தம் செய்ய எந்தக் கருவி ஏற்றது? கையில் இருப்பதையே மேம்படுத்த முடியுமா?

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுப் பேசாமல் கடந்துபோக என்னால் இயலவில்லை. பதினோரு ஆண்டுகளாகக் கார்ப்பெட் சுத்தம் செய்யும் தொழிலில் இருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் என்னை ஒரு வாடிக்கையாளர் முன் தலைகுனிய வைத்ததும் படிக்கட்டுதான், இன்று எந்தத் தயக்கமும் இன்றி நான் ஏற்றுக்கொள்ளும் வேலையும் படிக்கட்டுதான்.

கேட்டவர் தம் நிலைமையை விரிவாகச் சொல்லவில்லை. இருந்தாலும் ஊகிக்க முடிகிறது. நீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சி எடுக்கும் சிறிய எக்ஸ்ட்ராக்‌ஷன் இயந்திரம் ஒன்று உங்களிடம் இருக்கும். அதனுடன் வந்த 30 செ.மீ. அகல வாண்டை, அதாவது நீண்ட கைப்பிடியின் முனையில் உறிஞ்சும் தலை கொண்ட கருவியை வைத்து அறைகளை நன்றாகவே முடித்திருப்பீர்கள்; முதல் படிக்கட்டு வேலை வந்தபோதுதான் இயந்திரத்தின் சக்தி போதவில்லை என்று தோன்றியிருக்கும். அப்படியானால் முதலில் சொல்ல வேண்டியது இது: பெரிய இயந்திரம் வாங்கும் எண்ணத்தைச் சற்றுத் தள்ளிவையுங்கள். ஏறத்தாழ 10 செ.மீ. அகலமும், குட்டையான கைப்பிடியும், உள்ளே நீர் ஓடுவது தெரியும் ஒளிபுகும் தலையும், நீர் வெளியே தெறிக்காதபடி மூடிய ஸ்ப்ரேயும் கொண்ட ஒரு கைக்கருவியை வாங்குங்கள். அதன் உறிஞ்சும் வாயின் இரண்டு உதடுகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதை மட்டும் கடையிலேயே கவனித்துப் பாருங்கள். ஏன் என்பதை நான் கற்றுக்கொண்ட விதத்தையே சொல்கிறேன்.

தொழிலில் எனக்கு ஐந்தாவது ஆண்டு. இரண்டு வேக்குவம் மோட்டார்கள் கொண்ட புதிய இயந்திரத்தை அப்போதுதான் வாங்கியிருந்தேன். அதற்கு இழுக்க முடியாத நீரே இல்லை என்று உறுதியாக நம்பினேன். ஒரு வீட்டில் பதினைந்து படிகள், சணல் அடித்துணியில் நெய்த கம்பளிக் கார்ப்பெட், இருபுறமும் வெள்ளைப் பெயின்ட் அடித்த மரப்பலகை. வழக்கமான வாண்டால் மேலிருந்து கீழாகச் செய்து முடித்தேன். கிளம்பும்போது அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலை அந்த வீட்டு அம்மையார் அழைத்தார். போய்ப் பார்த்தபோது ஒவ்வொரு படியின் மூக்கிலும், அதாவது மிதிக்கும் பரப்பு வளைந்து கீழிறங்கும் முன்விளிம்பில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோலப் பழுப்பு நிறம் ஓடியிருந்தது. வெள்ளைப் பலகைகளில் கரைசல் தெறித்து வழிந்த தடங்கள் காய்ந்திருந்தன. "நேற்றுவரை இது அழுக்காக இருந்தது, இன்று கறையாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். அவர் குரலை உயர்த்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் அன்று மாலையே அங்கே வந்தார். என்ன கரைசல், எத்தனை டிகிரிச் சூடு என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவரோ, "தம்பி, இயந்திரத்தைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்" என்றார். வாண்டை மிதிபரப்பில் அழுத்தி இழுத்தபோது ஓசை தணிந்து அடித்தொண்டையில் முனகுவதுபோல் ஒலித்தது; மூக்கைத் தொட்ட கணத்தில் அது சீறலாக மாறியது. அந்தச் சீறல் வெளிக்காற்று உள்ளே நுழையும் ஓசை. காற்று சுலபமாக நுழைய வழி கிடைத்தால், இழைகளுக்கு இடையே இருக்கும் நீரை வேக்குவம் இழுப்பதில்லை. மோட்டார் இரண்டானாலும் நான்கானாலும் இது மாறாது.

மூக்கில் ஏன் அப்படி நேர்கிறது என்பதை அவர் தம் விரலை வளைத்துக் காட்டி விளக்கினார். உறிஞ்சும் வாய்க்கு முன்னுதடு, பின்னுதடு என இரண்டு உண்டு. சமதளத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் கார்ப்பெட்டில் படிகின்றன. வளைவில் முன்னுதடு படிந்தால் பின்னுதடு தூக்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி அதிகமானால் தூக்கலும் அதிகமாகிறது. நீண்ட கைப்பிடி கொண்ட வாண்டைக் கீழ்ப்படியில் நின்று இழுக்கும்போது, வளைவுக்கு ஏற்ப மணிக்கட்டைச் சுழற்றவும் வழியில்லை. ஆகவே நீரைப் பீய்ச்சுவது மட்டும் மூக்கில் முழுமையாக நடக்கிறது, உறிஞ்சுவது பாதியில் நின்றுவிடுகிறது. எஞ்சிய நீர் சணல் அடித்துணியை நெடுநேரம் ஈரமாக வைத்திருக்க, சணலில் உள்ள பழுப்புப் பொருள் கரைந்து, உலரும் இடத்தை நோக்கி நீரோடு ஏறி, இழைநுனியில் தங்கிவிடுகிறது. காரத்தன்மையுள்ள கரைசல் எஞ்சியிருந்தால் இது இன்னும் மோசமாகும். நான் அன்று பயன்படுத்தியது அப்படிப்பட்ட கரைசல்தான்; கம்பளிக்கு அது ஆகாது என்பதையும் அன்றுதான் ஒழுங்காகப் புரிந்துகொண்டேன்.

சிட்ரிக் அமிலம் கலந்த மென்மையான கரைசலை மூக்குகளில் லேசாகத் தெளித்து, வெள்ளைத் துண்டால் ஒற்றி, காற்றாடி வைத்து இரவோடு உலர்த்தினோம். கோடுகள் போய்விட்டன. எல்லாக் கார்ப்பெட்டிலும் இப்படிப் போய்விடும் என்று நான் உறுதி சொல்லவில்லை. தாமதித்திருந்தால் அங்கேயும் போயிருக்குமா என்பது சந்தேகமே.

அதற்குப் பிறகுதான் கருவியைத் திருத்தும் வேலை தொடங்கியது. ஏற்கெனவே என்னிடம் சோபாவுக்காக வாங்கிய ஒரு கைக்கருவி கிடந்தது. அதன் ஒளிபுகும் மூடிக்கு அடியில் இருந்த ரப்பர் கேஸ்கெட் இறுகி வெடித்துப்போயிருந்தது. அங்கேயே பாதிக் காற்று கசிந்துகொண்டிருந்தது. அதை மாற்றினேன். உதட்டின் ஓரத்தில் இருந்த பிசிறுகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். பிசிறு இழையைப் பிடித்து இழுப்பதோடு, கை தானாகவே கருவியைத் தூக்கிப் பிடிக்கும்படியும் செய்கிறது, தூக்கினால் மீண்டும் காற்றுதான். சில கருவிகளுக்கு உதட்டில் மாட்டும் டெஃப்லான் கிளைடு கிடைக்கிறது. அது உராய்வைக் குறைத்துக் கருவியை வழுக்கிக்கொண்டு போக வைக்கும் என்பது உண்மை. ஆனால் தடித்த கிளைடு உதடுகளின் மொத்த அகலத்தைக் கூட்டிவிடுவதால், சமதளத்தில் நன்மை செய்வது மூக்கில் தீங்காக முடியலாம். படிக்கட்டுக்கென்றால் மெல்லியதாக, ஓரம் உருட்டியதாகப் பார்த்து மாட்டுங்கள்.

அடுத்தது ஜெட், அதாவது நீரைப் பீய்ச்சும் முனை. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜெட்டின் மேல் 8002 என்று பொறித்திருந்தால், முதல் இரண்டு இலக்கங்கள் நீர் விசிறியாக விரியும் கோணம் 80 டிகிரி என்பதையும், கடைசி இரண்டு இலக்கங்கள் 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 0.2 அமெரிக்க காலன், அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டர் நீர் வரும் என்பதையும் சொல்கின்றன. அழுத்தம் நான்கு மடங்கானால் நீர் இரண்டு மடங்காகும். 160 பிஎஸ்ஐயில் அதே ஜெட் ஒன்றரை லிட்டர் கொட்டும். 10 செ.மீ. அகலத் தலைக்கு அது மிக அதிகம். நான் 01 என்று முடியும் ஜெட்டை மாட்டி, அழுத்தத்தையும் குறைத்தேன். நீர் பாதிக்கும் கீழே வந்தது, சுத்தத்தில் குறை தெரியவில்லை. ஆனால் கோணத்தைத் தலையின் உயரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கார்ப்பெட்டிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் 80 டிகிரி விசிறி எட்டரை செ.மீ. அகலத்தைத்தான் நனைக்கும், 95 டிகிரி என்றால் 11 செ.மீ. வரை போகும். தலையைவிட விசிறி அகலமாக இருந்தால் பக்கவாட்டுப் பலகையில் தெறிக்கும், குறுகலாக இருந்தால் கோடு கோடாக அழுக்கு நிற்கும்.

ஹோஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 50 மி.மீ. குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு 38 மி.மீ. குழாயைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. ஆகவே பெரிய இயந்திரத்தில் நீளமான ஓட்டத்துக்குப் பெரிய குழாய் நல்லது, ஆனால் அதைப் படியில் கையோடு சுமப்பது மணிக்கட்டுக்கும் காலுக்கும் ஆபத்து. கடைசி ஒன்றரை மீட்டருக்கு மட்டும் மெல்லிய, வளையும் குழாயைச் சுழலும் இணைப்போடு பொருத்தியது நான் செய்த திருத்தங்களிலேயே அதிகப் பயன் தந்தது; குழாய் முறுக்காமல் இருந்தால்தான் கை, மூக்கின் வளைவைப் பின்தொடரும். இயந்திரம் கீழே தரையில் இருக்கட்டும். மேலே வைத்துவிட்டு அணைத்தால், குழாயில் நின்ற அழுக்கு நீர் திரும்ப வழிந்து, நீங்கள் சுத்தம் செய்த படியிலேயே ஊற்றும்.

கருவி சரியானாலும் கைப்பழக்கம் வேண்டும். உதடு எப்போதும் மூக்குக்கு இணையாக இருக்க, மிதிபரப்பிலிருந்து தொடங்கி, வளைவில் மணிக்கட்டை உருட்டி, கீழே ரைசர்வரை, அதாவது படியின் செங்குத்தான முன்முகம்வரை, ஒரே இழுப்பாகக் கொண்டுவர வேண்டும். பிறகு நீர் விடாமல் அதே பாதையில் இரண்டு முறை உலர் இழுப்பு. கருவியைக் குறுக்காகத் திருப்பி மூக்கின் நீளத்தில் ஓட்டினால் உதடு வளைவின் மேல் பாலம்போல் நின்றுவிடும்.

நீரைத் தொடுவதற்கு முன் உலர் வேக்குவம் கட்டாயம். மிதிபரப்பும் ரைசரும் சேரும் மூலையில் குவியும் மணலைக் குறுகிய முனையாலும் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷாலும் எடுக்காவிட்டால், நீர் பட்டதும் அது சேறாகும். காற்றால் சுழலும் சிறிய டர்போ பிரஷ் அடர்ந்த இழையில் அழுத்தியதும் தளர்ந்து நின்றுவிடும். தனி மோட்டார் உள்ளதே நல்லது.

இதற்கு மறுப்புகள் வரும் என்று எனக்குத் தெரியும். வாகனத்தில் பொருத்திய பெரிய இயந்திரம் வைத்திருப்பவர்கள், அதன் சக்தியே எல்லாக் குறையையும் ஈடுகட்டும் என்பார்கள். அத்தகைய இயந்திரத்தோடும் நான் வேலை செய்திருக்கிறேன்; சமதளத்தில் அதற்கு நிகரில்லை, ஆனால் மூக்கில் எழும் சீறல் அங்கேயும் அதே சீறல்தான். குறைந்த ஈரத்தில், அழுக்கைக் கரைசலால் பொதிந்து உலர்ந்ததும் வேக்குவத்தால் எடுக்கும் என்காப்சுலேஷன் முறை இருக்க நீர் எதற்கு என்று வேறு சிலர் கேட்பார்கள். மாதாமாதம் பராமரிக்கும் அலுவலகப் படிகளுக்கு அது நல்ல முறை, நானே செய்கிறேன். ஆண்டுக்கணக்கில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய மூக்கை அலசி எடுக்காமல் சுத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சைசல் நாரில் நெய்த விரிப்பாக இருந்தால் மட்டும் நான் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். ஈரம் பட்டால் அது பழுப்பேறும், சுருங்கும்.

கருவி செய்பவர்கள்மீது எனக்கு ஒரு நீண்டநாள் வருத்தம் உண்டு. வேக்குவத்தின் சக்தியை, வாயை முழுவதுமாக அடைத்து அளந்த எண்ணாகத்தான் விவரத்தாளில் அச்சிடுகிறார்கள். படியில் வேலை செய்பவனின் வாய் ஒருபோதும் முழுவதும் அடைபடுவதில்லை. வேலை கொடுப்பவர்களும் சதுர மீட்டரில்தான் கணக்குப் பார்க்கிறார்கள். மிதிபரப்பு 25 செ.மீ., ரைசர் 18 செ.மீ., அகலம் 90 செ.மீ. என்றால் பதினான்கு படிகளும் சேர்ந்து ஐந்தரைச் சதுர மீட்டர்கூட வராது. தாளில் அது ஒரு சிறிய அறை. முழங்காலில் நின்று, மூக்கு மூக்காக உருட்டி எடுப்பவருக்கு அது அரைநாள் வேலை. ஆகவே நீங்கள் விலை சொல்லும்போது பரப்பைச் சொல்லாமல் படிகளின் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். நான் அப்படி மாற்றிக்கொண்ட பிறகுதான் அவசரப்படாமல் உலர் இழுப்பு கொடுக்க முடிந்தது.

வேலையைத் தொடங்கும் முன், மூக்கில் தெரியும் சாம்பல் நிறத்தில் எது அழுக்கு, எது தேய்மானம் என்பதை உரிமையாளரிடம் காட்டிவிடுங்கள். மிதிபட்டுக் கீறிய இழை ஒளியைச் சிதறடிப்பதால் மங்கித் தெரியும். எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது. பிறகு மேல்படி ஒன்றை மட்டும் முழுமையாகச் செய்து முடித்து, மூக்கின் மேல் வெள்ளைத் துண்டை மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். துண்டில் ஈரம் தொட்டுத் தெரிந்தால் இன்னும் இரண்டு உலர் இழுப்பு. கோடாக நனைந்திருந்தால் உதட்டில் எங்கோ காற்று போகிறது, அதைக் கண்டுபிடித்த பிறகு இரண்டாவது படிக்கு இறங்குங்கள்.