க்ரீன் கார்டு பங்காளி, கோவைக்குத் திரும்பிய பங்காளி, ஒரு எல்எல்சி: ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்கு நிற்குமா?

கேள்வி: நான் இந்தியக் குடிமகன். எச்-1பி விசாவில் டாலஸில் வேலை பார்க்கிறேன். 2019 செப்டம்பரில் ஒரு பெட்ரோல் பங்க் எல்எல்சியில் (பங்காளிகளின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம்) 1,40,000 டாலர் போட்டு 25 சதவீதப் பங்கு வாங்கினேன். மற்ற பங்காளிகள் மூவர். நிர்வாகம் பார்ப்பவர் க்ரீன் கார்டு வைத்திருக்கும் இந்தியர், டாலஸ்வாசி. இரண்டாமவர் நியூஜெர்சியில் குடியிருக்கும் அமெரிக்கக் குடிமகன். மூன்றாமவரும் அமெரிக்கப் பாஸ்போர்ட்காரர்தான். ஆனால் 2018-லேயே குடும்பத்தோடு கோயம்புத்தூர் திரும்பி அங்கேயே தொழில் செய்கிறார். 2021 பிப்ரவரியிலிருந்து லாபப் பங்கும் வரவில்லை, கணக்கும் காட்டவில்லை. எந்தத் தகராறும் டாலஸ் ஃபெடரல் நீதிமன்றத்தில் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால், 2023 ஆகஸ்டில் அங்கே மூவர் மீதும் எல்எல்சி மீதும் வழக்குப் போட்டோம். எதிர்த்தரப்பு பதிலுரை தந்து, ஆவணங்களும் பரிமாறி, விசாரணைத் தேதியும் குறித்தாகிவிட்டது. இப்போது நீதிபதி தாமாகவே, இதை விசாரிக்கத் தமக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று 14 நாட்களுக்குள் விளக்கச் சொல்கிறார். நான்கு ஆண்டுக் காலவரையறையும் கடந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: இந்த வழக்கு அந்த நீதிமன்றத்தில் நிற்காது. நீங்கள் சொல்லியிருக்கும் விவரங்கள் சரியாக இருந்தால், அதைக் காப்பாற்ற வாதம் தேடி 14 நாட்களைத் தொலைக்காதீர்கள். அந்த நாட்களுக்குள் டாலஸ் கவுண்டியின் மாநில மாவட்ட நீதிமன்றத்தில் இதே வழக்கைத் தாக்கல் செய்யுங்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறதா என்ற கேள்விக்கே நீதிபதி இன்னும் வரவில்லை. அதைக் கேட்க அவருக்கு அதிகாரம் உண்டா என்பதுதான் இப்போதைய பிரச்சினை.

மாநில நீதிமன்றம் ஏறக்குறைய எந்த வழக்கையும் எடுக்கும். ஃபெடரல் நீதிமன்றம் அப்படி இல்லை. அரசியல் சட்டத்தின் மூன்றாம் உறுப்பு பட்டியலிட்ட வழக்குகளில், நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஒப்படைத்தவற்றை மட்டுமே அது தொட முடியும். தனியார் சிவில் வழக்குக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள். உங்கள் உரிமையே ஃபெடரல் சட்டத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும். இது அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் 28-ஆம் தலைப்பின் 1331-ஆம் பிரிவு. அல்லது இரு தரப்பாரும் வெவ்வேறு குடியுரிமை உடையவர்களாக இருந்து, கேட்கும் தொகை வட்டியும் செலவும் நீங்கலாக 75,000 டாலரைத் தாண்ட வேண்டும், இது 1332. இதைத்தான் 'டைவர்சிட்டி' (குடியுரிமை வேறுபாடு) என்பார்கள். ஒப்பந்த மீறலும் பங்காளியின் நம்பிக்கைப் பொறுப்பு மீறலும் டெக்சஸ் சட்டத்தில் பிறக்கும் உரிமைகள். ஆகவே உங்களுக்கு 1332 மட்டுமே கதி.

தொகையில் சிக்கல் இல்லை. சிக்கல் ஆட்களில்.

1806-இல் ஸ்ட்ராபிரிட்ஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் விதி: ஒரு பக்கத்தில் உள்ள ஒவ்வொருவரும் எதிர்ப்பக்கத்தில் உள்ள ஒவ்வொருவரிடமிருந்தும் வேறுபட வேண்டும். ஒரே ஒரு ஜோடி பொருந்திப்போனாலும் மொத்த வழக்கும் வெளியே. உங்கள் வழக்கில் நான்கு பிரதிவாதிகள். தேறுபவர் நியூஜெர்சிக்காரர் ஒருவர்தான். வெளிநாட்டவர் ஒருவர் ஒரு மாநிலத்துக் குடிமகன் மீது வழக்குப் போடலாம்.

நிர்வாகப் பங்காளியை எடுத்துக்கொள்வோம். க்ரீன் கார்டு வந்துவிட்டால் டெக்சஸ்காரர்தானே என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு: நிரந்தரவாசியை அவர் குடியிருக்கும் மாநிலத்தின் குடிமகனாகக் கருத வேண்டும் என்று முன்பு சட்டத்திலேயே ஒரு வாசகம் இருந்தது. 2011 திருத்தம் அதை நீக்கிவிட்டது. 2012 ஜனவரி 6 முதல் தொடங்கிய வழக்குகளுக்குப் புதிய சட்டம்தான். இன்று க்ரீன் கார்டுக்காரர் இந்தியக் குடிமகனே. நீங்களும் இந்தியக் குடிமகன். இரண்டு பக்கமும் வெளிநாட்டவர் நின்றால் 1332 பேசாது. (அந்தத் திருத்தத்தில் இன்னொரு தடையும் இருக்கிறது. டெக்சஸில் குடியிருக்கும் க்ரீன் கார்டுக்காரருக்கும் டெக்சஸ் குடிமகனுக்கும் இடையிலான வழக்கு டைவர்சிட்டியில் வராது. நாளை உங்களுக்கே கார்டு வந்தால் இது உங்களையும் கட்டும்.)

கோயம்புத்தூர்ப் பங்காளியின் நிலை இன்னும் விசித்திரம். 1332-க்கு அமெரிக்கக் குடிமகன் என்பது மட்டும் போதாது. ஏதாவது ஒரு மாநிலத்தின் குடிமகனாகவும் இருக்க வேண்டும். நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு வெளிநாட்டில் குடியேறியவருக்கு அந்த மாநிலம் இல்லை. அமெரிக்கப் பாஸ்போர்ட் இருப்பதால் இந்தக் கணக்கில் அவர் வெளிநாட்டவரும் இல்லை. இரண்டிலும் சேராதவர். காரகாஸில் வாழ்ந்த அமெரிக்கர் ஒருவரைப் பற்றிய நியூமன்-கிரீன் வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதையே. அவர் தற்காலிகமாகத்தான் போனேன் என்று நிரூபித்தால் பழைய மாநிலக் குடியுரிமை தொடரும். ஆனால் ஏழெட்டு ஆண்டாகக் குடும்பமும் தொழிலும் அங்கே இருக்கும்போது அந்த வாதம் எடுபடுவது கடினம்.

எல்எல்சிதான் பலர் தடுக்கி விழும் இடம். கம்பெனி (கார்ப்பரேஷன்) என்றால் பதிவு செய்த மாநிலம், தலைமை நிர்வாகம் நடக்கும் மாநிலம் ஆகிய இரண்டையும் பார்ப்பார்கள். 2010 ஹெர்ட்ஸ் தீர்ப்பு அந்தத் தலைமையிடத்தை நரம்பு மையம் என்று விளக்கியது. எல்எல்சிக்கு இது பொருந்தாது. அதற்கென்று சொந்தக் குடியுரிமை கிடையாது. அதன் ஒவ்வொரு பங்காளியின் குடியுரிமையும் அதற்கு உண்டு. டெக்சஸ் அடங்கிய ஐந்தாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இலேயே இதை உறுதிசெய்துவிட்டது. உங்கள் பிராதில் 'பிரதிவாதி ஒரு டெக்சஸ் எல்எல்சி' என்று மட்டும் எழுதியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. இதில் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது: அந்த எல்எல்சியில் நீங்களும் பங்காளி. அதாவது அது உங்கள் குடியுரிமையையும் சுமக்கிறது. ஒருவர் தன் சொந்த எல்எல்சியைப் பிரதிவாதியாக்கினால் டைவர்சிட்டி தானாகவே போய்விடும். மற்ற மூவரும் நியூஜெர்சிக்காரர்களாக இருந்திருந்தாலும் இதே முடிவுதான்.

ஒப்பந்த ஷரத்து, எதிர்த்தரப்பின் மௌனம், செலவான காலம் எதுவும் இங்கே உதவாது. இந்த அதிகாரத்தைக் கட்சிக்காரர்கள் சம்மதத்தால் உண்டாக்க முடியாது. யாரும் கேட்காவிட்டாலும் நீதிபதி கேட்டே ஆக வேண்டும். ஃபெடரல் சிவில் நடைமுறை விதிகளில் விதி 12(எச்)(3) அதை எந்தக் கட்டத்திலும் அனுமதிக்கிறது. தோற்ற பிறகு, வழக்குப் போட்டவரே மேல்முறையீட்டில் 'எனக்கு இங்கே வழக்குப் போட உரிமையே இல்லை' என்று சொல்லித் தீர்ப்பைக் கலைத்த கதை 1804-இலேயே நடந்திருக்கிறது. 2022 டிசம்பர் முதல் டைவர்சிட்டி வழக்கில் ஒவ்வொரு தரப்பும் தன் குடியுரிமையை வெளியிட்டு ஓர் அறிக்கை தர வேண்டும் என்று விதி 7.1 சொல்கிறது. நீதிபதியின் கண்ணில் பட்டது அநேகமாக அந்தத் தாள்தான்.

பிரதிவாதி யாராவது பங்கை விற்றுவிட்டு விலகினால் சரியாகிவிடுமா என்று கேட்கத் தோன்றும். இதற்கு 2004-இன் குரூப்போ டேட்டாஃப்ளக்ஸ் வழக்கைப் படியுங்கள். அதுவும் டெக்சஸில் தொடங்கியதே. வழக்குப் போட்ட பங்குதாரர் நிறுவனத்தில் மெக்சிகோ குடிமக்கள் இருவர் இருந்தார்கள்; எதிரே மெக்சிகோ கம்பெனி. விசாரணைக்கு முன்பே அந்த இருவரும் விலகினார்கள். ஜூரி 7,50,000 டாலர் கொடுத்தது. தீர்ப்பாகப் பதிவாகும் முன் எதிர்த்தரப்பு அதிகார வரம்பைக் கிளப்ப, உச்ச நீதிமன்றம் வரை போய் எல்லாம் கலைந்தது. வழக்குத் தாக்கலான நாளில் யார் எந்தக் குடிமகன் என்பதே கணக்கு. அந்தக் கதி உங்களுக்கு ஜூரிக்குப் பிறகு வராமல் இப்போதே வந்தது ஒருவகையில் நல்லதே.

தாக்கல் நாள் விதிக்கு ஒரு விலக்கு உண்டு. இடைஞ்சலான பிரதிவாதிகளை விதி 21-இன் கீழ் நீக்கி, மிஞ்சியவரோடு தொடரலாம். உங்களுக்கு மிஞ்சுபவர் நியூஜெர்சிக்காரர். பணமும் கணக்குப் புத்தகமும் அவர் கையில் இல்லை. எல்எல்சியும் நிர்வாகியும் இல்லாமல் இதை முடிக்க முடியாது என்று விதி 19-ஐக் காட்டி அவரே தள்ளுபடி கேட்பார். இந்தப் பாதையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபெடரல் உரிமை ஒன்றைச் சேர்த்து 1331 வழியாக நுழையலாமா? நிர்வாகத்தில் தலையிடாத முதலீட்டாளரின் எல்எல்சி பங்கு சில சூழலில் பங்குப் பத்திரமாகக் கருதப்படலாம். அப்போது ஃபெடரல் பத்திர மோசடிச் சட்டம் வரும். ஆனால் அதற்குப் பங்கை விற்கும்போதே பொய் சொல்லியிருக்க வேண்டும். பின்னால் கணக்குக் காட்டாதது அதில் சேராது. காலவரையறையும் மோசடி தெரிந்ததிலிருந்து 2 ஆண்டு, எப்படியும் 5 ஆண்டுக்கு மேல் இல்லை. உங்கள் தேதிகளுக்கு அது ஒத்துவருவதாகத் தெரியவில்லை. நுழைவதற்காக ஒட்டவைத்த உரிமை சீக்கிரமே உதிரும். அது உதிர்ந்தால் அதன் தோளில் வந்த டெக்சஸ் உரிமைகளையும் நீதிபதி பொதுவாக இறக்கிவிடுவார்.

இனி 14 நாட்களுக்கு வருவோம். காலவரையறை கடந்துவிட்டது என்று பயப்படுகிறீர்கள். டெக்சஸில் ஒப்பந்த மீறல், மோசடி, நம்பிக்கைப் பொறுப்பு மீறல் மூன்றுக்கும் 4 ஆண்டு. 2021 பிப்ரவரியிலிருந்து எண்ணினால் 2025 பிப்ரவரியில் முடிந்தது உண்மை. ஆனால் டெக்சஸ் சிவில் நடைமுறை மற்றும் பரிகாரச் சட்டத் தொகுப்பின் 16.064-ஆம் பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. அதிகாரமில்லாத நீதிமன்றத்தில் போட்ட வழக்கு அந்தக் காரணத்தால் தள்ளுபடியாகி, தள்ளுபடி இறுதியான நாளிலிருந்து 60 நாட்களுக்குள் சரியான நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால், இடைப்பட்ட காலம் கணக்கில் சேராது. முதல் வழக்கு 2023 ஆகஸ்டில், கெடுவுக்குள் வந்தது என்பதால் இது உங்களுக்குப் பொருந்தும்.

இதில் இரண்டு இடத்தில் கால் இடறும். முதலாவது, எதிர்த்தரப்போடு பேசி ஃபெடரல் வழக்கை நீங்களே திரும்பப் பெறாதீர்கள். திரும்பப் பெற்றால், அதிகாரமின்மையால் தள்ளுபடியானது என்று சொல்ல முடியாமல் 16.064-இன் பாதுகாப்பே தகராறாகும். நீதிபதியின் ஆணைக்குப் பதிலளிக்கும்போது ஒவ்வொருவரின் குடியுரிமையையும், எல்எல்சியின் பங்காளிகள் அனைவரையும் ஒளிக்காமல் எழுதுங்கள். வசிப்பிடத்தை எழுதிவிட்டுக் குடியுரிமையை விடும் வழக்கமான பிழை வேண்டாம். முடிவில், அதிகார வரம்பு இல்லாததால், மீண்டும் தாக்கல் செய்யும் உரிமைக்குப் பாதகமின்றித் தள்ளுபடி செய்யும்படி கேளுங்கள். அந்த இரண்டு சொற்றொடரும் ஆணையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அதிகாரமில்லை என்று தெரிந்தே வேண்டுமென்று முதல் வழக்கைப் போட்டார் என்று எதிர்த்தரப்பு காட்டினால் 16.064 கைவிடும். உங்கள் கையில் ஒப்பந்த ஷரத்து இருக்கிறது. அதை நம்பியே அங்கே போனோம் என்பது நல்ல பதில். ஆனால் நீதிபதி கேட்ட பிறகும் பிடிவாதம் பிடித்து மேல்முறையீடு வரை இழுத்தால் அந்தப் பதில் வலுவிழக்கும். 60 நாள் இருக்கிறதே என்று தள்ளிப்போடவும் வேண்டாம். தள்ளுபடிக்கு முன்பே மாநில நீதிமன்றத்தில் தாக்கல் செய்யத் தடையில்லை.

ஃபெடரல் நீதிமன்றத்தில் கட்டிய 402 டாலர் திரும்பாது. பரிமாறிய ஆவணங்களும் சாட்சியங்களும் வீணில்லை. ரகசியக் காப்பு ஆணை ஏதும் தடுக்காவிட்டால் மாநில வழக்கில் பயன்படுத்தலாம். கூடவே டெக்சஸ் வணிக நிறுவனச் சட்டத்தின் 101.502-ஆம் பிரிவின் கீழ் எல்எல்சியின் கணக்குகளைப் பார்க்கும் உரிமையை எழுத்தில் கேளுங்கள். மாநில மனுவில் ஃபெடரல் சட்டம் எதையும் அலங்காரத்துக்குச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எதிர்த்தரப்பு 30 நாட்களுக்குள் வழக்கை மறுபடி ஃபெடரல் நீதிமன்றத்துக்கே தூக்கிக்கொண்டு போகலாம். உச்ச நீதிமன்றத்தின் 2025 ஜனவரி ராயல் கேனின் தீர்ப்புக்குப் பிறகு, அந்த உரிமையை நீக்கித் திருத்தினால் திரும்பி வந்துவிடலாம். ஆனாலும் அது சில மாத அலைச்சல்.

மனுவில் உங்களைப் பற்றி எழுதும்போதும் கவனம் தேவை. எச்-1பியில் பணம் முதலீடு செய்வது வேறு, அந்த எல்எல்சிக்காக வேலை பார்ப்பது வேறு. கல்லாவில் உட்கார்ந்தேன், சரக்கு வாங்கினேன் என்று எழுதிய மனு யாரும் படிக்கக்கூடிய ஆவணம். நடந்ததை மாற்றி எழுதக் கூடாது. அப்படி ஏதாவது நடந்திருந்தால் தாக்கலுக்கு முன் குடியேற்ற வக்கீலிடம் காட்டுங்கள்.

கடைசியாக, டெக்சஸில் தாக்கல் செய்தால் மட்டும் காலவரையறை நிற்காது. அழைப்பாணையைச் சேர்ப்பிப்பதிலும் மெத்தனம் இருக்கக் கூடாது. டாலஸ், நியூஜெர்சிப் பிரதிவாதிகளுக்கு அதே வாரம் ஆள் அனுப்புங்கள். கோயம்புத்தூருக்குத் தபாலில் அனுப்பினால் செல்லாது. வெளிநாட்டில் நீதிமன்ற ஆவணங்களைச் சேர்ப்பிப்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா அந்த வழியை ஏற்கவில்லை. டெல்லியிலுள்ள சட்ட அமைச்சகம் வழியாகவே போக வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். அவருடைய வக்கீல் ஃபெடரல் வழக்கில் ஏற்கெனவே ஆஜராகியிருப்பதால், அழைப்பாணையைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டுத் தருவாரா என்று முதலில் கேளுங்கள். மறுத்தால் அன்றே ஹேக் விண்ணப்பத்தை அனுப்பி, அனுப்பிய தேதிக்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.